பழைய ரிசீவரைத் துடைக்கும் முன்: எழுத்தும் மெருகும் போகாமல் சுத்தம் செய்யும் முறை

முப்பது நாற்பது ஆண்டு மூலையில் கிடந்த ஒரு ரிசீவரோ (ரேடியோவும் ஆம்ப்ளிபையரும் சேர்ந்த பெட்டி) டர்ன்டேபிளோ (இசைத்தட்டுச் சுழற்றி) கைக்கு வந்ததும், பெரும்பாலோர் முதலில் தேடுவது ஒரு ஈரத்துணியையும் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயையும்தான். பத்தே நிமிடத்தில் அழுக்கு போய்விடும். ‘பாஸ்’, ‘டிரெபிள்’ என்று அச்சிட்டிருந்த எழுத்தும் அதோடு போயிருக்கும். அழுக்கை நாளைக்கும் எடுக்கலாம். போன எழுத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. மாற்று முகப்புத் தகடு தேடினால், பெரும்பாலும் இன்னொரு முழுக் கருவியையே வாங்கி உரிக்க வேண்டி வரும்.

கீழே இருப்பது வெளிப்பரப்புகளைச் சுத்தம் செய்யும் முறை மட்டும். உள்ளே சர்க்யூட் பழுது பார்ப்பது வேறு வேலை. ஒரு நடுத்தர ரிசீவருக்கு இரண்டு மாலைப் பொழுதும், நடுவே ஒரு முழு நாள் காயும் நேரமும் ஒதுக்குங்கள். ஒரே அமர்வில் முடிக்க நினைத்தால், பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடியும்.

1. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் காத்திருங்கள்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். பிளக்கை உருவிய பிறகும் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். டிரான்சிஸ்டர் கருவியில் அது சில பத்து வோல்ட். வால்வு ஆம்ப்ளிபையரில் 300 முதல் 500 வோல்ட் வரை போகும், அது ஆளைக் கொல்லப் போதும். டிரான்சிஸ்டர் கருவியின் மேல்மூடியைக் கழற்றுவதானால் அரை மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கெபாசிட்டர் முனைகளில் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். வால்வுக் கருவி என்றால், விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அடிப்பாகத்தைத் திறக்க வேண்டாம். வெளிப்பரப்பு வேலையில் முக்கால் பங்கு மூடியைத் திறக்காமலே முடியும்.

பழைய வால்வு ரேடியோவில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி வகை செட்டுகளில் சேஸிஸே (உள்ளிருக்கும் உலோகச் சட்டகம்) நேரடியாக மின்கம்பியோடு இணைந்திருக்கும். அவற்றின் குமிழ்களில் இருக்கும் சிறு திருகின் துளையை மெழுகால் அடைத்திருப்பார்கள். விரல் அந்தத் திருகைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான் அது. மெழுகைச் சுரண்டி எடுத்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப அடைக்க வேண்டும்.

இரண்டாவது, பெட்டியின் உட்புறத்தில், வால்வுகளுக்கு நேர் மேலே, சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் கெட்டிக் காகிதம் போல ஒரு தகடு ஒட்டியிருந்தால் அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆக இருக்கலாம். அதைப் பிரஷ்ஷால் தட்டாதீர்கள், ஊதாதீர்கள், வாக்குவம் பிடிக்காதீர்கள். இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

2. படமும் குறிப்பும்

கழற்றும் முன் முகப்பு, பின்புறம், பக்கவாட்டு, ஒவ்வொரு குமிழும் நிற்கும் கோணம் என எல்லாவற்றையும் படமெடுங்கள். குமிழைக் கழற்றிய பிறகு அதன் தண்டையும், தண்டில் இருக்கும் வளையங்களின் வரிசையையும் தனியே எடுங்கள். சில மாடல்களின் பாஸ், டிரெபிள் கட்டுப்பாடுகளில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குமிழ் வரும். நடுவே ஒரு மெல்லிய ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) வளையம் இருக்கும். அது காணாமல் போனால் இரண்டு குமிழும் சேர்ந்து சுற்றத் தொடங்கும்.

அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் முதலில் அதில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படத்தைப் பாருங்கள். எந்தக் குமிழ் திருகில் நிற்கிறது, எது வெறுமனே செருகியது, முகப்புத் தகடு எத்தனை நட்டுகளில் நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். தண்டு உடைவதில் பாதி, திருகு இருக்கும் குமிழைச் செருகியது என்று நினைத்து இழுப்பதால்தான்.

பின்புறம் இருக்கும் வரிசை எண் ஸ்டிக்கர், பெட்டிக்குள் ஒட்டிய வால்வு வரைபடம், தொழிற்சாலையில் மையால் குத்திய முத்திரை ஆகிய மூன்றையும் ஈரம் படாமல் காப்பாற்ற வேண்டும். கருவியின் அடையாளமே அவைதான். உலர்ந்த மென்பிரஷ் மட்டும் போதும்.

3. மேசையில் என்னென்ன வேண்டும்

தேவையானவை எல்லாமே மலிவு:

- டிஸ்டில்டு வாட்டர், 2 லிட்டர். குழாய் நீரில் இருக்கும் உப்பு, காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.
- பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. நிறமும் எலுமிச்சை வாசனையும் குறைவானதாக இருந்தால் நல்லது. டிஷ்வாஷர் இயந்திரத்துக்கான தூள் கூடவே கூடாது, அதில் காரம் அதிகம்.
- ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம். வேண்டும்போது டிஸ்டில்டு வாட்டரில் சரிபாதியாகக் கலந்துகொள்ளலாம்.
- பஞ்சுக் குச்சிகள், குறைந்தது நூறு வேண்டும். மைக்ரோஃபைபர் துணி ஐந்தாறு.
- மென்மயிர்ப் பிரஷ் இரண்டு. ஒன்று உலர்ந்த தூசிக்கு மட்டும். மேக்கப் பிரஷ் நன்றாகவே வேலை செய்யும்.
- 1.5, 2 மில்லிமீட்டர் ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி), சிறிய திருப்புளிகள், சிறு திருகுகளைப் போட்டுவைக்கக் கிண்ணங்கள்.

மேசைப் பக்கமே வரக்கூடாதவை: அசிட்டோன், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே, குளியலறை கிளீனர், பிளீச், பித்தளை பாலிஷ், பற்பசை, சமையல் சோடா. இந்த வரிசையில் முதலிடம் உண்மையில் ‘மாய ஸ்பாஞ்ச்’ என்று விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சுக்குத்தான். தொட்டால் மெத்தென்று இருக்கும். ஆனால் அது மிக நுண்ணிய உப்புத்தாள். அழுக்கோடு சேர்த்து எழுத்தையும் பளபளப்பையும் தேய்த்து எடுத்துவிடும். ‘ஒரே ஒரு தடவைதான் தேய்த்தேன்’ என்று சொல்பவர்களின் முகப்பில் அந்த ஒரு தடவை என்றைக்கும் தெரியும்.

4. எந்தப் பரப்பு, என்ன பொருள்?

தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. ஒரே முகப்பில் நான்கைந்து வகைப் பொருள் இருக்கும், ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

பளிங்கு போல் தெரிவது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கண்ணாடி ‘டிங்’ என்று ஒலிக்கும், தொட்டால் குளிர்ச்சி. பிளாஸ்டிக் மந்தமாக ஒலிக்கும். பிளாஸ்டிக் என்றால் அது அக்ரிலிக்காகவோ பாலிஸ்டைரீனாகவோ இருக்கலாம், கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். அக்ரிலிக்கை ஆல்கஹால் கெடுக்கும். பாலிஸ்டைரீனைப் பெட்ரோலிய வகைக் கரைப்பான்கள் கெடுக்கும். அதனால் ஒளி ஊடுருவும் எந்தப் பிளாஸ்டிக்குக்கும் சோப்பு நீரைத் தாண்டாதீர்கள். ஆல்கஹால் பட்ட அக்ரிலிக்கில் உடனே எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வளைவுகளிலும் திருகுத் துளைகளைச் சுற்றியும், மயிரிழை போன்ற வெடிப்புகள் எழும்பும். உருவாக்கும்போதே இறுக்கம் தங்கிய இடங்கள் அவை.

‘குரோமியம்’ போல மின்னும் வளையங்கள், சின்னங்கள் பலவும் பிளாஸ்டிக்கின் மேல் படிய வைத்த மிக மெல்லிய உலோகப் பூச்சு. பித்தளை போல் தெரியும் அலங்காரப் பட்டைகளின் மேல் பெரும்பாலும் நிறமேற்றிய லாக்கர் இருக்கும். ஆல்கஹால் பட்டால் அந்தத் தங்க நிறம் துணியில் வந்துவிடும்.

எந்தப் பரப்பிலும், கண்ணில் படாத ஓரிடத்தில் சோதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெறும் நீர், பிறகு சோப்பு நீர், பிறகு (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தவிர மற்றவற்றில்) பாதி ஆல்கஹால் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியிலும் பஞ்சுக் குச்சியை ஐந்து முறை உருட்டி, பஞ்சின் நிறத்தைப் பாருங்கள். சாம்பலோ பழுப்போ என்றால் அழுக்கு. எழுத்தின் நிறமோ தகட்டின் நிறமோ வந்தால், அதற்கு முந்தைய படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழுக்கு முந்தைய படியிலேயே போய்விட்டால் அடுத்த படி தேவையே இல்லை.

5. முதலில் உலர்ந்த தூசி

தூசிக்குள் மணல் துகள் இருக்கிறது. ஈரத்துணி அதைப் பரப்பின்மேல் இழுத்துச் சென்றால் கோடு விழும். மென்பிரஷ்ஷால் தூசியைக் கிளப்பி, வாக்குவம் குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து உறிஞ்சுங்கள். குழாயின் வாய் கருவியைத் தொடக்கூடாது. டப்பாவில் அடைத்த காற்றைப் பயன்படுத்தினால் டப்பாவை நிமிர்த்தியே பிடியுங்கள். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் உறைகுளிரில் பீய்ச்சி, பெயின்ட்டில் கறை விழும், பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழும். பூஞ்சை வாடை இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

6. குமிழ்கள்

திருகு வகை எளிது: ஆலன் கீயை முழுதாக உள்ளே செலுத்தி, ஒரு சுற்றுத் தளர்த்தினால் போதும். முழுக்கக் கழற்றினால் அந்தச் சிறு திருகு தரையில் எங்காவது ஓடிவிடும். செருகு வகையைத் திருப்புளியால் நெம்பாதீர்கள். நெம்பும் இடத்தில் முகப்பில் வடு விழும், குமிழின் கழுத்தும் பிளக்கும். ஒரு மெல்லிய நாடாவையோ ஷூ லேஸையோ குமிழின் பின்னால் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்து நேராக உங்களை நோக்கி இழுங்கள். அசையவில்லை என்றால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் அரை நிமிடம் காட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.

முழுப் பிளாஸ்டிக் அல்லது முழு அலுமினியக் குமிழ்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில் 15 நிமிடம் போட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளங்களைத் தேய்க்கலாம். பிளாஸ்டிக்கின் மேல் அலுமினியத் தொப்பி ஒட்டிய குமிழை ஊறப்போடாதீர்கள், பசை விட்டுவிடும். பேக்கலைட் (பழங்காலக் கெட்டிப் பிளாஸ்டிக்) குமிழையும் அப்படித்தான். மெருகு தேய்ந்த பேக்கலைட்டில் உள்ளே நிரப்பியிருக்கும் மரத்தூள் வெளியே தெரிய ஆரம்பித்திருக்கும், நீர் பட்டால் அது உப்பி மங்கிப்போகும். அதற்கு ஈரம் பிழிந்த துணியும், காய்ந்த பிறகு கொஞ்சம் மெழுகும் போதும்.

குமிழின் மேல் இருக்கும் வெள்ளைக் கோடு சில மாடல்களில் பள்ளத்தில் நிரப்பிய பெயின்ட். பிரஷ்ஷின் முனை அங்கே படக்கூடாது. கழுவியதும் திருகுத் துளை கீழே பார்க்கும்படி ஒரு துணியில் கவிழ்த்து, இரவு முழுக்க விடுங்கள். துளைக்குள் நீர் நின்றால் திருகு துருப்பிடித்து, அடுத்த முறை ஆலன் கீ அங்கே வெறுமனே சுற்றும்.

7. முகப்புத் தகடு

நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

எழுபதுகளின் ரிசீவர்களில் பெரும்பாலானவற்றின் முகப்பு, நீள வாக்கில் கோடு இழுத்து ஆனோடைஸ் செய்த, அதாவது மின்முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய, அலுமினியம். எழுத்து அதன் மேல் ஸ்கிரீன் அச்சு. ஆனோடைஸ் படலம் வெறும் சில மைக்ரான் கனம். அலுமினியத்தின் மேல் இருக்கும் இந்த ஆக்சைடு, ஏறத்தாழ பிஎச் 4 முதல் 8.5 வரைதான் கெடாமல் நிற்கும். அதற்கு மேலோ கீழோ போகும் எதுவும் படலத்தைக் கரைக்கும். பிளீச்சும் குளியலறை கிளீனரும் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். உலோக பாலிஷ் வேறு வழியில் அதே சேதத்தைச் செய்யும். படலத்தைத் தேய்த்துத் துளைத்து, நடுவில் மட்டும் கண்ணாடி போல மின்னும் ஒரு திட்டை விட்டுச் செல்லும். கறுப்பு முகப்பில் அது வெள்ளித் திட்டாகவே தெரியும்.

முகப்பைக் கழற்றாமல் செய்வது புதியவர்களுக்கு நல்லது. 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி சோப்பு, அதாவது 2 அல்லது 3 மில்லிலிட்டர், கலந்துகொள்ளுங்கள். அதிகம் போட்டால் சுத்தம் கூடாது, அலசும் வேலைதான் கூடும். பஞ்சுக் குச்சியை நனைத்து, கிண்ணத்தின் விளிம்பில் அழுத்திப் பிழியுங்கள். சொட்டக் கூடாது. இனி தேய்க்காமல் உருட்டுங்கள். உருட்டும்போது அழுக்கு பஞ்சில் ஏறிக்கொள்ளும். தேய்த்தால் அதே அழுக்கு பரப்பை அரைக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு குச்சி என்ற கணக்கில் போகும். நூறு குச்சி கேட்டது அதனால்தான்.

சோதனைக்கு ஏற்ற இடம், குமிழைக் கழற்றினால் வெளியே தெரியும் அளவுக் கோடுகளில் கடைசியானது. குமிழை மாட்டினால் அது மறைந்துவிடும். துணியால் துடைக்கும்போது தகட்டில் இருக்கும் கோட்டின் போக்கிலேயே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுங்கள். வட்டமாகத் துடைத்தால், குறுக்கே விழும் நுண்கீறல்கள் விளக்கு வெளிச்சத்தில் சுழல் சுழலாகத் தெரியும்.

திரவத்தைத் தகட்டின் மேல் நேரடியாக ஸ்ப்ரே செய்யவே கூடாது. குமிழ்த் தண்டு வழியாகவும் சுவிட்சின் இடுக்கு வழியாகவும் அது உள்ளே போகும். டயல் கண்ணாடிக்குப் பின்னால் ஊர்ந்தால் அச்சையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

சிகரெட் புகை படிந்த கருவி என்றால் பரப்பு முழுக்கத் தேன் நிறத்தில் ஒட்டும். ஆல்கஹாலைத் தேடி ஓடாமல் சோப்பு நீரிலேயே மூன்று நான்கு சுற்றுப் போங்கள். முதல் சுற்றில் பஞ்சு கறுத்துப்போகும், மூன்றாவதில் வெளிறிய மஞ்சளாகும். விரல் எண்ணெய் காய்ந்து இறுகிய சிறு திட்டுகளுக்கு எச்சில் நல்ல மருந்து. கேலிக்குச் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தில் ஓவியம் துடைப்பவர்களும் பஞ்சை நாக்கில் நனைத்துத்தான் உருட்டுகிறார்கள். எச்சிலில் இருக்கும் நொதிகள் மெதுவாக வேலை செய்யும், எழுத்துக்குக் கேடில்லை. பிறகு டிஸ்டில்டு வாட்டரால் துடைத்துவிட வேண்டும்.

முகப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், நட்டைத் திருக்கும்போது தகட்டின் மேல் துளையிட்ட ஓர் அட்டையை வையுங்கள். ஸ்பேனர் ஒருமுறை வழுக்கினால் போதும். கழுவும் முன் பின்பக்கம் ஒட்டிய ஃபெல்ட், நுரைப் பட்டை, விளக்குக்கான நிறத்தாள், சின்னம் எல்லாவற்றையும் பாருங்கள். எடுக்க வராதது இருந்தால் நீரில் முக்குவதைக் கைவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் தகட்டைப் படுக்க வைத்து, சோப்பு நீரை ஊற்றி, மூன்று நிமிடம் விட்டு, வெறும் விரல் நுனியால் கோட்டின் போக்கில் தடவுங்கள். விரலுக்குத் தெரியும் மணல் துகள், ஸ்பாஞ்சுக்குத் தெரியாது. அலசி, கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்து, துணியால் ஒற்றி எடுங்கள்.

துடைத்த பிறகும் வெள்ளையாகச் சொரசொரவென்று நிற்கும் புள்ளிகள் அழுக்கல்ல, அலுமினியமே அரித்துப்போன இடம். எந்தத் திரவமும் அதை மீட்காது. சுரண்டினால் பெரிதாகும்.

8. டயல் கண்ணாடியும் மீட்டரும்

டயல் கண்ணாடியில் எண்கள் பின்பக்கம் அச்சிட்டவை. முன்பக்கத்தை ஈரம் பிழிந்த துணியால் துடைக்கலாம், பின்பக்கத்துக்கு உலர்ந்த மென்பிரஷ் மட்டும். வால்வு ரேடியோக்களின் டயலில் வெறும் ஈரவிரல் பட்டாலே ஒரு நகரத்தின் பெயர் கையோடு வந்துவிடும். மெக்கின்டாஷ் ஆம்ப்ளிபையர்களின் கறுப்புக் கண்ணாடி முகப்பும் இந்த வகைதான். எழுத்தும் கறுப்பும் கண்ணாடியின் பின்புறப் பூச்சு, வயதானால் செதில் செதிலாக உரியும். ஓரத்தில் ஏற்கனவே உரிந்திருந்தால் அந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

மீட்டரின் ஜன்னல் பிளாஸ்டிக். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, முள் ஜன்னலை நோக்கி இழுபட்டு நடுவழியில் நின்றுவிடும். மீட்டர் பழுதாகிவிட்டது என்று பயந்து கழற்றப்போகிறவர்கள் உண்டு. ஒரு சொட்டுச் சோப்பை ஒரு கோப்பை நீரில் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, மெல்லிய படலம் போலத் தடவிக் காயவிடுங்கள், முள் விடுபடும். மீட்டரைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் உள்ளே காற்றை ஊதாதீர்கள், முள் வளைந்துவிடும்.

9. டர்ன்டேபிளின் மூடி

கீலிலிருந்து மூடியைக் கழற்றி, முதலில் ஓடும் நீரைக் காட்டுங்கள். துணி படுவதற்கு முன் மணல் போய்விட வேண்டும். பிறகு சோப்பு நீர், வெறும் கை, அலசல், மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுத்தல். சூடான நீர் வேண்டாம். ஸ்டிக்கர் பசை இருந்தால் சமையல் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, விரலால் உருட்டி எடுத்து, சோப்பு நீரால் எண்ணெய் முழுக்கப் போகும்வரை கழுவுங்கள்.

நகம் மாட்டாத மெல்லிய கீறல்களைப் பிளாஸ்டிக்குக்கான பாலிஷ் மங்கச் செய்யும். நகம் மாட்டும் கீறலுக்கு 1500, 2000, 3000 என்று நீர் உப்புத்தாளில் ஏறிப்போய் அதன்பின் பாலிஷ் போட வேண்டும். முதல்முறை செய்பவர்கள் இதை ஒரு பழைய அக்ரிலிக் துண்டில் பழகிவிட்டு வரட்டும். 1500-இல் தேய்த்ததும் மூடி முழுக்கப் பால்போல வெளுத்துவிடும். அதைப் பார்த்துப் பாதியில் விட்டால், கீறலே பரவாயில்லை என்று இருக்கும்.

கையோடு டோன்ஆர்மையும் (ஊசியைத் தாங்கும் கை) துடைத்துவிடத் தோன்றும். அதற்கு முன் ஊசியைப் பாதுகாப்பு உறையால் மூடி, ஆர்மைக் கொக்கியில் பூட்டிவிடுங்கள். துணியின் ஒரு நூலிழை ஊசியில் மாட்டினாலும் கேன்டிலீவர், அதாவது ஊசி நிற்கும் மெல்லிய தண்டு, போயிற்று.

10. மரப்பெட்டி

பெரும்பாலானவை பலகையின் மேல் ஒட்டிய ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மர வெனீர். சிலவற்றில் மரம்போல அச்சிட்ட வினைல் தாள். ஓரத்தில் மரத்தின் இழை பக்கவாட்டுக்கும் தொடர்கிறதா, அதே கோலம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். வினைல் என்றால் சோப்பு நீரோடு வேலை முடிந்தது.

உண்மை வெனீர் என்றால், அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெயை வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் உறிஞ்சினால் எண்ணெய் மெருகு, அப்படியே நின்றால் லாக்கரோ வார்னிஷோ. பழைய ரேடியோப் பெட்டியாக இருந்தால் மறைவிடத்தில் ஒரு சொட்டு ஆல்கஹாலும் வைக்கலாம். பிசுபிசுவென்று ஆனால் அது அரக்கு மெருகு, இனி ஆல்கஹால் குப்பியை அதன் பக்கம் கொண்டுவராதீர்கள். எதுவானாலும் நன்றாகப் பிழிந்த துணிதான். வெனீர் தூக்கியிருக்கும் ஓரங்களில் அதுவும் வேண்டாம், நீர் உள்ளே போய்ப் பசையை இளக்கும்.

லாக்கர் மெருகின் மேல் தேன்மெழுகு அல்லது கார்னாபா (ஒருவகைத் தாவர மெழுகு) கலந்த பேஸ்ட்டை மெல்லிசாகப் பூசி, 20 நிமிடம் கழித்துத் துணியால் மெருகேற்றலாம். சிலிகான் கலந்த பர்னிச்சர் ஸ்ப்ரே வேண்டாம். பின்னாளில் யாராவது புதிதாக லாக்கர் அடித்தால், சிலிகான் இருந்த இடமெல்லாம் குழிகுழியாக விலகும்.

எண்ணெய் மெருகுக்கு ஆளி விதை எண்ணெய் தடவுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவைத்த பிறகு, அல்லது நீரில் முக்கிய பிறகுதான் எறிய வேண்டும்.

11. ஸ்பீக்கர்கள்

காகிதக் கூம்பில் உலர்ந்த மென்பிரஷ், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி. வாக்குவத்தைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், நடுத்தொப்பியை உறிஞ்சி உள்வாங்க வைத்துவிடும். சுற்று விளிம்பு நுரையாக இருந்தால், 15 முதல் 20 ஆண்டில் அது தானாகவே பொடிந்துவிடும், பிரஷ் பட்டதும் உதிர்ந்தால் உங்கள் தவறில்லை. துணி விளிம்பில் பிசுபிசுப்பான பூச்சு தெரிந்தால் அழுக்கென்று துடைத்து எடுக்காதீர்கள். காற்றுக் கசியாமல் இருக்க வேண்டுமென்றே பூசிய பொருள் அது.

டோம் டுவீட்டர்களை (உச்ச ஒலிக்கான, குவிமாட வடிவச் சிறு ஸ்பீக்கர்கள்) தொடாமலிருப்பதே சுத்தம். 1974-இல் வந்த யமஹா என்எஸ்-1000 வரிசையின் டுவீட்டரும் நடுத்தர ஒலிக்கான ஸ்பீக்கரும் பெரிலியம் என்ற உலோகம். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. உடைந்திருந்தால் துடைக்கவோ தேய்க்கவோ கூடாது. முன்வலையைக் கழற்றும்போது இரும்புத் திருப்புளியைக் கூம்பின் பக்கம் கொண்டுபோனால் காந்தம் ஒரே இழுப்பில் அதைக் கூம்புக்குள் பாய்ச்சிவிடும். நடுவே ஒரு கெட்டி அட்டையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

12. ஹெட், ரப்பர், வால்வு

டேப் ஹெட்டுக்கு (டேப்பில் இருக்கும் ஒலியைப் படிக்கும் பாகம்) 99 சதவீத ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும். உலோகக் கருவி எதுவும் ஹெட்டின் முகத்தில் படக்கூடாது. டேப்பை அழுத்தி நகர்த்தும் உருளையான பின்ச் ரோலரின் ரப்பருக்குச் சோப்பு நீர் போதும். ஆல்கஹால் திரும்பத் திரும்பப் பட்டால் ரப்பர் வறண்டு பளபளக்கத் தொடங்கும், டேப்பைப் பிடிக்காது. பெல்ட் உருகிக் கறுப்புத் தாராக ஒட்டியிருந்தால் அதற்கு ஆல்கஹால்தான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விரலில் ஒட்டினால் மற்ற எல்லாவற்றிலும் கறுப்புக் கைரேகை விழும்.

வால்வின் கண்ணாடியில் அச்சிட்ட பெயரும் எண்ணும் ஈரக் கட்டைவிரல் பட்டாலே அழியும். எழுத்து இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மீதியை உலர்ந்த துணியால் துடையுங்கள். எண் போன வால்வை எந்த வகை என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

13. காயவைத்து மாட்டுவது

கழுவிய பாகங்களுக்கு 24 மணி நேரம் கொடுங்கள். ஈரம் கருவிக்குள் போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் 48. வெயிலில் வைக்க வேண்டாம். மர வெனீர் வெளுக்கும், அக்ரிலிக் வளையும். மின்விசிறிக் காற்று போதும்.

மாட்டும்போது நட்டுகளை முதலில் கையால் திருகி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். குமிழை முகப்போடு உரசும்படி அழுத்தாமல், நடுவே ஒரு காகிதத்தின் கனம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். உரசும் குமிழ் ஒவ்வொரு முறை சுற்றும்போதும், இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அளவுக் கோடுகளை வட்டமாக அரைத்துக்கொண்டே இருக்கும். ஃபெல்ட் வளையம் கிண்ணத்தில் மிச்சம் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள்.